நிறம் மாறாத பட்டை

2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார சபை, சிறுநீரக நலத்துக்கென்று தனித் தீர்மானம் ஒன்றை முதன்முறையாக நிறைவேற்றியது. முன்னின்று கொண்டுவந்த நாடு குவாத்தமாலா. பணக்கார நாடுகள் எத்தனையோ இருக்க, மத்திய அமெரிக்காவின் சிறிய நாடு ஒன்று இதில் முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த வட்டாரத்தின் பசிபிக் கரையோரக் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கூலிகளாக உழைத்த இளவயது ஆண்கள், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழந்து ஆயிரக்கணக்கில் இறந்திருக்கிறார்கள். எல் சால்வடோர் மருத்துவர்கள் 2002இல் இதை எழுதி வெளியிட்டபோது, காரணம் தெரியாத ஒரு நோய் என்று மட்டுமே அவர்களால் சொல்ல முடிந்தது.

கரும்பும் வெயிலும் தினக்கூலியும் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் புதியவை அல்ல.

அந்தத் தீர்மானத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடிய அமைப்புகளில் முதன்மையானது பன்னாட்டுச் சிறுநீரகவியல் சங்கம். ஐ.எஸ்.என். என்று மருத்துவர்கள் சொல்வார்கள். தலைமையகம் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரம். அங்கே இருப்பவர்களுக்கு விராலிமலையையோ ஆவுடையார்கோவிலையோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவரிடம் ‘கிட்னியில் கோளாறு இருக்கிறது’ என்றோ ‘ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்றோ சொல்லும்போது, அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான அளவுகோல் இத்தகைய சங்கங்களின் மேசைகளில் தீட்டப்பட்டதுதான். அது இங்கே எவ்வளவு தூரம் பொருந்துகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்கம் பிறந்த ஆண்டு 1960. பிரான்சின் எவியான் நகரில் கூடிய முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பாரிஸ் மருத்துவர் ழான் ஆம்பர்ஜே. 1952 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு தாயின் சிறுநீரகத்தை அவருடைய இளவயது மகனுக்குப் பொருத்திப் பார்த்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பொருத்திய உறுப்பு மூன்று வாரம் ஓடி நின்றுவிட்டது. எவியான் மாநாடு நடந்த அதே 1960இன் மார்ச் மாதம், அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஒரு டெஃப்லான் குழாயைக் கையில் நிரந்தரமாகப் பொருத்தி, ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அதன்மூலம் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆகவே சங்கத்தின் முதல் சில பத்தாண்டுகளின் பேச்செல்லாம் இயந்திரம், மாற்று அறுவை, ஆய்வுக்கூடம் என்றே இருந்ததில் வியப்பில்லை. தமிழ்நாட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. 1971இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை உயிருள்ள ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்திக் காட்டியதே நம் மருத்துவ வரலாற்றில் முதலில் நினைவுகூரப்படுகிறது.

திருப்பம் வந்தது 2000க்குப் பிறகு. நாள்பட்ட சிறுநீரக நோய்க்குப் பொதுவான வரையறையும் படிநிலைகளும் 2002இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு, பிறகு உலகம் முழுதும் ஏற்கப்பட்டன. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கி, அந்த நிலை மூன்று மாதம் நீடித்தால் நோய். வேகம் சரியாக இருந்தும் மூன்று மாதமாகச் சிறுநீரில் புரதம் ஒழுகினாலும் நோய். இந்த எளிய வரையறை வந்த பிறகுதான் எண்ணிக்கை எடுக்க முடிந்தது. எடுத்துப் பார்த்தபோது சிறுநீரக நோயோடு வாழ்பவர்கள் உலகில் ஏறத்தாழ 85 கோடிப் பேர் என்று வந்தது. டயாலிசிஸ் வரை வருபவர்கள் அதில் மிகச் சிறு பகுதி. 2006 முதல் மார்ச் மாத இரண்டாவது வியாழக்கிழமையை உலகச் சிறுநீரக நாளாகச் சங்கம் கொண்டாட வைத்தது. 2017 முதல் நாடு வாரியாக எத்தனை மருத்துவர்கள், எத்தனை இயந்திரங்கள், எந்தப் பரிசோதனை எந்த மட்டத்தில் கிடைக்கிறது என்ற கணக்கையும் தொகுத்து வெளியிடுகிறது. 2023 தொகுப்பில் 167 நாடுகள் இடம்பெற்றன. பத்து லட்சம் மக்களுக்கு எத்தனை சிறுநீரக மருத்துவர்கள் என்ற கணக்கில் உலக நாடுகளின் நடுமதிப்பு 11.8. மிக ஏழை நாடுகளில் அது ஒன்றைக்கூடத் தொடவில்லை. மாநாடுகளில் மருந்துக் கம்பெனிகளின் அரங்குகளே கண்ணில் நிறைகின்றன என்று இந்தச் சங்கத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். இந்தக் கணக்கெடுப்பு ஒன்றுக்காகவே அதற்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் நோயைச் சிறப்பு மருத்துவரின் அறையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவரும் யோசனைக்குத் தமிழ்நாடு பிரஸ்ஸல்ஸைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. சென்னை மருத்துவர் எம்.கே. மணி 1990களின் பிற்பகுதியிலேயே சிறுநீரக உதவி அறக்கட்டளை மூலம் சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் இதைச் செய்து பார்த்தார். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சோதனைக் குழாயில் சிறுநீரை ஊற்றி சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டினார்கள். புரதம் இருந்தால் பால்போலக் கலங்கும். பெனடிக்ட் கரைசலில் சர்க்கரை பார்த்தார்கள். மருந்துகளும் பழையவை, மலிவானவை: கொதிப்புக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைட், ஹைட்ரலசின், சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். ஆளுக்கு ஆண்டுக்கு அரை டாலர்கூட ஆகவில்லை. திட்டம் நடந்த ஊர்களில், நடக்காத பக்கத்து ஊர்களைவிடச் சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்கள் குறைவாக இருந்தார்கள். இந்த முடிவுகளை வெளியிட்டது சங்கத்தின் சொந்த இதழான ‘கிட்னி இன்டர்நேஷனல்’. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்ணின் கையிலிருந்த சோதனைக் குழாய் உலகத்துக்குப் பாடம் சொன்ன சந்தர்ப்பம் அது. நம்மூரில் அது உரிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

அரசும் பிறகு அந்த வழிக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளையும் தருகிறது. 2023 ஜூலையில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டையைப் பயன்படுத்தச் சொன்னது. பட்டையை முக்கி எடுத்து ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். புரதம் இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும். இருந்தால் பச்சையாக மாறும். 1991–92இல் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் சைக்கிள் ஏறி ஊர் ஊராக எழுத்தைக் கொண்டுபோன மாவட்டம் புதுக்கோட்டை. வாசலுக்கு வந்து பட்டை நீட்டும் பெண் பணியாளர் இங்கே யாருக்கும் விநோதமாகத் தெரிய மாட்டார்.

சிக்கல் இனிமேல்தான். சர்க்கரை நோய் முதலில் தாக்குவது சிறுநீரகத்தின் சல்லடையை. சல்லடை கிழிந்தால் புரதம் ஒழுகும், பட்டை பச்சையாகும். வெயிலில் உடம்பு வற்றிப் போவதால் வரும் பாதிப்போ, சல்லடைக்குக் கீழே உள்ள நுண்குழாய்களையும் அவற்றைச் சுற்றியுள்ள திசுவையும் அரிக்கிறது. சல்லடை பெரும்பாலும் அப்படியே இருக்கும். புரதம் ஒழுகாது, கால் வீங்காது, ஆரம்பத்தில் ரத்த அழுத்தமும் ஏறாது. பட்டை மஞ்சளாகவே இருக்கும். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர் ஐந்தாறு ஆண்டு கழித்து வாந்தியும் மூச்சுத் திணறலுமாக வரும்போது சிறுநீரகம் சுருங்கிப் போயிருக்கும்.

இது எங்கோ குவாத்தமாலாவில் நடக்கும் கதை அல்ல. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரத்தைச் சுற்றியுள்ள நெல் விவசாயிகளிடம் 1990களிலிருந்தே இந்த நோய் பரவலாகக் காணப்படுகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் தென்னையும் முந்திரியும் வளரும் ஊர்களில் வீட்டுக்கு வீடு நோயாளிகள். காரணம் பற்றிய சண்டை இன்னும் தீரவில்லை. கடின நீர், ஃபுளோரைடு, காட்மியம், பூச்சிமருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி இருக்கிறது. இலங்கை 2015இல் கிளைபோசேட் களைக்கொல்லியையே தடைசெய்து பார்த்துவிட்டுப் பிறகு தளர்த்தியது. சங்கம் தன் பங்குக்குப் பல நாட்டு ஆய்வாளர்களை ஒரு கூட்டமைப்பாகச் சேர்த்தது. எல்லா ஊரிலும் ஒரே முறையில் கணக்கெடுக்கவும், சர்க்கரை, கொதிப்பு, மிகுந்த புரத ஒழுக்கு உள்ளவர்களை ஒதுக்கிவிட்டு மீதிப் பேரின் வடிகட்டும் வேகத்தை ஒப்பிடவும் ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டது. வெப்பம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், பல நாட்டு ஆய்வுகளும் வெயிலில் கடும் உழைப்பை முன்வரிசையில் நிறுத்துகின்றன.

தமிழ்நாட்டுக்கு இப்போது சொந்தக் கணக்கே இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறை 2023இல் மாநிலம் முழுதும் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. முதல் சுற்றில் குறைவாகத் தெரிந்தவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்ததில், 5.31 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பார்த்ததிலும், நூற்றுக்கு ஏழு பேர் அளவில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

புதுக்கோட்டையை வெயில் எப்படிப் பிடிக்கிறது என்பதை வரைபடம் பார்த்துச் சொல்ல முடியாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருந்தும் இது வறண்ட மாவட்டம் என்றுதான் பெயர் வாங்கியிருக்கிறது. அறந்தாங்கிப் பக்கம் நெல்லும் கரும்பும். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரி, கடலை. கீரமங்கலத்தைச் சுற்றிப் பூ. அன்னவாசல், திருமயம் பக்கம் கல் குவாரி. மல்லிகை பறிப்பவர் விடியுமுன் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். கல் உடைப்பவருக்கும் கரும்பு வெட்டுபவருக்கும் அந்த வசதி இல்லை; கூலிக் கணக்கு வேலையின் அளவைப் பொறுத்தது, நின்று தண்ணீர் குடிக்கும் நேரம் அதில் சேராது. ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்வது பெண் கூலியாட்களின் அன்றாடம். சாயங்காலம் இடுப்பு ஒடிகிறது என்று மருந்துக்கடையில் போய் ‘உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை’ கேட்பார்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை ஒன்று இருக்கும். உடம்பு நீர் வற்றிக் கிடக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு. வலி மாத்திரை அடைப்பது அதைத்தான். வெயிலும் மாத்திரையும் தனித்தனியாக வந்தால் தாங்கிக்கொள்ளும் உறுப்பு, இரண்டும் ஒரே நாளில், நாள்தோறும் வந்தால் தாங்குவதில்லை.

பட்டை கைவிட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கலாமே என்றால், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 25 வயது ஆண் ஒருவருக்கும் 55 வயதுப் பெண் ஒருவருக்கும் 1.1 என்று ஒரே அளவு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்களின் சீட்டில் இரண்டுமே ‘இயல்பு’ கட்டத்துக்குள் அடங்கிவிடும். இப்போது பல இடங்களில் பயன்படும் 2021 சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அந்த ஆணின் வடிகட்டும் வேகம் 96, பெண்ணின் வேகம் 59. அதாவது அவர் நோய்க்கோட்டைத் தாண்டிவிட்டார். சீட்டு அதைச் சொல்லவில்லை. இதற்கும் மேலே ஒரு படி போக வேண்டும். அந்தச் சூத்திரம் மேலை நாட்டு உடல்களை வைத்து உருவானது. கறியும் பருப்பும் குறைவாகச் சாப்பிட்டு, தசை குன்றி, நாற்பது கிலோ சொச்சத்தில் இருக்கும் கூலிக்காரப் பெண்ணின் உடம்பு அதற்குப் பரிச்சயமில்லை. இந்திய உடல்களில் அது சிறுநீரகத்தின் திறனை உள்ளதைவிடக் கூட்டியே காட்டுகிறது என்று சண்டிகர் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2019 முதல் 2021 வரை சங்கத்தின் தலைவராக இருந்த விவேகானந்த் ஜாவும் சண்டிகரில் நீண்டகாலம் பணியாற்றியவரே. தலைமைப் பதவி வரை இந்தியர் போயாயிற்று. இந்தியக் கூலியாளின் உடம்புக்கு ஏற்ற அளவுகோல் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேரவில்லை.

படிப்படியாக வருவது இப்படியென்றால், ஒரே இரவில் வருவதும் உண்டு. ‘2025க்குள் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பால் தடுக்கக்கூடிய மரணம் ஒன்றுகூட இருக்கக் கூடாது’ என்று சங்கம் ஒரு முழக்கத்தை முன்வைத்தது. அதற்காக 2014இல் 72 நாடுகளில் எடுத்த கணக்கில், ஏழை நாடுகளில் முதல் காரணமாக நின்றது உடம்பில் நீர் வற்றுவதுதான். 2025 வந்து போய்விட்டது, இலக்கு எட்டப்படவில்லை. நம் வரப்புகளில் இதற்கு இன்னொரு காரணமும் ஊர்ந்துகொண்டிருக்கிறது: கண்ணாடி விரியன். அதன் நஞ்சு ரத்தம் உறையும் சக்தியைக் கெடுத்து, சிறுநீரகத்தை நேரடியாகவே தாக்கும். இதற்கான சோதனை எந்த மூலையிலும் செய்யக்கூடியது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்போல ஓடினால் விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் ரத்தம் உறையாமலே போய்த் தப்பாகக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றிவிடும். பல உயிர்கள் இந்தச் சின்ன விஷயத்தில் தொங்குகின்றன. 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. எத்தனை பேர் கடிபட்டார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்தோம் என்ற கணக்கும் வேண்டும். பிழைத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் முழுதாக மீள்வதில்லை.

டயாலிசிஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது இலவசம். 2017இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து புதுக்கோட்டைக்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. துணைக்கு வருபவரின் கூலியும் அன்றைக்குப் போய்விடும். ஒரு முறை டயாலிசிஸுக்கு இயந்திரம் செலவழிப்பது சுத்திகரித்த தண்ணீர் ஏறத்தாழ 120 லிட்டர். வேலைத்தலத்தில் இரண்டு லிட்டர் கிடைக்காமல் நோயாளியானவருக்கு இது!

மத்திய அமெரிக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் மருத்துவமனைக்கு வெளியேதான் இருக்கிறது. நிகரகுவாவின் ஒரு பெரிய கரும்பு ஆலையில் வெட்டுக்கூலிகளுக்குக் கட்டாய ஓய்வு, கையோடு எடுத்துப்போகும் நிழற்குடை, உப்புச்சத்துக் கலந்த தண்ணீர் என்று ஏற்பாடு செய்தார்கள். முதல் பருவத்தைவிட ஓய்வைக் கூட்டிய அடுத்த பருவத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. ஆய்வாளர்கள் கண்ட பலன் இது. ஆலைக்கும் உற்பத்தி குறையவில்லை என்பது சேதியின் மறுபாதி. நம் பக்கத்திலும் சட்டம் ஊமையாக இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமே வேலைத்தலத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி என்று எழுதிவைத்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையைத் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் அதன் நிவாரணம் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தவருக்குத்தான். பத்து ஆண்டு வெயிலில் சிறுநீரகத்தை இழந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. வயல், குவாரி, உப்பளம், கட்டடம் என்று வெயிலில் உழைக்கும் முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பட்டையோடு சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்க்கலாம். சீட்டில் வெறும் அளவை அச்சடிக்காமல், வயதும் பாலினமும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் வேகத்தையும் அச்சடிக்கலாம். கோடையில் எடுத்தது குறைவாக வந்தால் பதற வேண்டாம், மூன்று மாதம் கழித்து மழைக்காலத்தில் மறுபடி எடுக்க வேண்டும். உலகத்துக்கான 60 என்ற கோட்டைவிட, ஒருவருடைய சென்ற ஆண்டு எண்ணுக்கும் இந்த ஆண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே நம் உடம்புகளுக்கு நம்பகமானது.

அந்த முதல் எண் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பேரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் விசாவுக்காக எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில் கிரியாட்டினினும் உண்டு. அங்கே போய்த் திரும்பிய நேபாளத் தொழிலாளர்கள் இளவயதிலேயே டயாலிசிஸுக்கு வந்து சேர்வதைக் காத்மாண்டு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். போகும்போது தகுதி பார்க்க எடுக்கும் அந்தப் பரிசோதனையைத் திரும்பி வரும்போது யாரும் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டோடு அந்தப் பழைய சீட்டையும் எடுத்துவைத்து, ஊர் வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இன்னொரு முறை ரத்தம் கொடுத்தால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.